பாம்புப் புத்தகமும் கோணி ஊசியும்

கல்லூரி நூலகங்களிலும் மாவட்ட நூலகங்களிலும் பணியாற்றியவர்களின் அனுபவங்களைப் படித்தேன். என் நூலகம் ஒரே ஓர் இரும்பு பீரோ. அதைப் பற்றியும் சொல்ல எனக்குச் சில உண்டு.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பாதையை ஒட்டிய ஒரு எல்.பி. பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை. தமிழ்ப் பிரிவு, மலையாளப் பிரிவு இரண்டும் ஒரே கூரையின் கீழ். தொடக்கப் பள்ளிக்கு நூலகர் என்று இங்கே தனிப் பணியிடம் கிடையாது. ஆசிரியர்களில் ஒருவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். என்னிடம் அது வந்தபோது ஒரு சாவியும் ஓர் இருப்புப் பதிவேடும் கொடுத்தார்கள். "ஒரு புத்தகம் குறைந்தாலும் உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள், டீச்சர். பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் அன்றைய தலைமையாசிரியர்.

அந்தச் சொல்லுக்குப் பயந்து இரண்டு வருடம் பீரோவைப் பூட்டியே வைத்திருந்தேன். ஜூன் 19 அன்று மட்டும் திறப்பேன். பி.என்.பணிக்கரின் நினைவு நாளைக் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். 1945இல் திருவிதாங்கூரில் தனித்தனியாகக் கிடந்த ஊர் நூலகங்களை ஒரு சங்கமாகச் சேர்த்தவர் அவர். அப்பேர்ப்பட்டவரின் நாளில் நான் செய்தது என்ன? மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் புத்தகங்களை அடுக்கினேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாலையில் எண்ணிப் பார்த்துப் பூட்டினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

மூன்றாம் வருடம் திறந்தபோது இராமபாணப் பூச்சி முந்திக்கொண்டிருந்தது. அடித்தட்டில் இருந்த புத்தகங்களில் முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை நேராகத் துளை. பிரித்தால் பக்கங்கள் பொடியாக உதிர்ந்தன. பல புத்தகங்கள் எந்தப் பிள்ளையின் கையும் படாதவை. தரையில் உட்கார்ந்து அந்தப் பொடியைக் கூட்டி அள்ளும்போது அழுகையே வந்துவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். முதல் விதியே, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

மறுநாளே வராந்தாவில் தூணுக்குத் தூண் கயிறு கட்டினேன். புத்தகங்களை நடுவில் விரித்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவைப்போம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போகலாம், அடுத்த வெள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். தமிழ்ப் பிரிவில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டக்கூட வராது. பாம்புகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை எடுத்துப் போனான். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்தான், மறுபடி அதையே தன் பெயரில் எழுதித் தரச் சொன்னான். ஏழு வாரம் இப்படி. மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

அவனுடைய அப்பா கள் இறக்குபவர். சித்தூர்ப் பக்கத்துக் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. விடியும் முன்பே ஏறத் தொடங்கினால்தான் பிழைப்பு. ஒரு நாள் தென்னை உச்சியில் மெல்லிய, நீளமான பாம்பு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பாதி மரத்திலிருந்து சறுக்கி நெஞ்செல்லாம் சிராய்ந்து இறங்கியிருக்கிறார். கொம்பேறி மூக்கன் என்று வீட்டில் எல்லோரும் நடுங்கிவிட்டார்கள். அது கடித்த பிறகு மரத்தில் ஏறிக்கொண்டு, கடிபட்டவரின் சிதைப்புகை தெரியும்வரை காத்திருக்கும் என்ற பேச்சு நம் பக்கம் காலங்காலமாக உண்டு. இரண்டு நாள் அவர் மரம் ஏறவில்லை.

பையன் அந்தப் பாம்பைத்தான் தேடிக்கொண்டிருந்தான். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் படம் பார்த்தே அவனுக்கு அத்துப்படி. கொம்பேறி மூக்கன் இருந்த பக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்னிடம் கேட்கவும் பயம். அதனால் வகுப்பில் ஒவ்வோர் எழுத்தாகக் கற்கக் கற்க, வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தோடு ஒட்டிப் பார்த்திருக்கிறான். எட்டாவது வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து அந்தப் பக்கத்தை விரித்து, விரலை வைத்து, "ந, ஞ், ச, ற், ற, து" என்றான். பிறகு சேர்த்து, "நஞ்சற்றது. அப்படியென்றால் விஷம் இல்லைதானே, டீச்சர்?" என்று கேட்டான். இல்லை என்றேன். தவளை, பல்லி, ஓணான்தான் அதற்கு இரை என்று அடுத்த வரியை நான் படித்துக் காட்டினேன். புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

எனக்கு இந்த வேலையில் வேறெந்தப் பெருமையும் வேண்டியதில்லை.

அந்தப் புத்தகம் திரும்பி வந்தபோது முதுகு கிழிந்து நடுத்தாள்கள் தனியாக வந்திருந்தன. ஆனால் சும்மா வரவில்லை. அவனுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கொப்பரைக் களத்தில் சாக்கு தைப்பவர்; அதே கோணி ஊசியால், அதே சணல் நூலால் புத்தகத்தை நான்கு இடத்தில் குத்தி இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சுகள் வரிக்குக் குறுக்கே விழாமல் எல்லாம் ஓரமாகவே இருந்தன. படிக்கத் தெரியாத பெண்மணி, எழுத்து மறைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறார்.

தலைமையாசிரியர் பையனிடம் அபராதம் வாங்கச் சொன்னார். முடியாது என்றேன், அவரை நான் மறுத்துப் பேசியது அது ஒரு முறைதான். கழிவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னபோதும் சேர்க்கவில்லை. அந்த வருடக் கணக்கில் நான்கு புத்தகம் குறைந்தது. பணம் கட்டினேன். நூறு ரூபாய்க்குள்தான் வந்தது. அந்தத் தொகைக்காகவா இரண்டு வருடம் பூட்டி வைத்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மலையாளப் பிரிவுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், படிப்பது மலையாளம். மலையாளத்தில் 'க' ஓசையின் வகைகளுக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒரே 'க' எல்லா ஓசைக்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கயிற்றிலிருந்த தமிழ்க் கதைப் புத்தகத்தை எடுத்து, 'குகை' என்பதைக் 'குக்கை' என்று படித்துவிட்டு விழித்தாள். சிங்கம் உள்ளே போகும் படத்தைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தாள். "ஓ, குகை!" என்றாள். காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு மொழிப் புத்தகங்களையும் ஒரே கயிற்றில் கலந்தே தொங்கவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கு வரும் பெட்டிகளில் தமிழ்ப் புத்தகம் குறைவு. பொள்ளாச்சிக்குப் போகும்போதெல்லாம் நானே நாலைந்து வாங்கி வருகிறேன்.

அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். சணல் நூல் போட்ட பாம்புப் புத்தகம் இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறது. இந்த வாரம் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொண்டு போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வர வேண்டும்.