ஆடிக்கூழ், ஒரு சொம்புத் தண்ணி, அப்புறம் ஆத்துல எண்ணெய்

திருவொற்றியூர்க்காரி:
விரதம், வேண்டுதல்னு எவ்வளவோ வச்சிருக்கோம். மண்ணுக்காக, தண்ணிக்காக யாராவது வச்சிருக்கீங்களா? யாரைப் பார்த்து ஆரம்பிச்சீங்க?

எனக்கு ஒரு பாட்டி. ஆடி மூணாவது ஞாயிறு, எங்க தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்துக்கிட்டிருந்தோம். 2019 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை வந்தாச்சு. ஆனா பந்தலுக்கு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துடும். டம்ளரை நீட்டினேன், பாட்டி வாங்கல. தூக்குவாளியை நீட்டி, "சாமிக்குப் படைச்சதும்மா. மிதிபடப் போற டம்ளர்ல எதுக்கு? இதுல ஊத்து"ன்னாங்க. மறுநாள் காலையில கால்வாய்ல மிதந்ததெல்லாம் நான் ஊத்திக் கொடுத்த டம்ளர்.

அடுத்த வருஷம் வேண்டிக்கிட்டேன்: கூழ் வார்க்கிற அன்னைக்குப் பாத்திரம் கழுவுறது என் பொறுப்பு. வீடு வீடாப் போய் நூத்திச் சொச்சம் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தேன். கேழ்வரகுக் கூழ் காய்ஞ்சா பசை மாதிரி பிடிச்சுக்கும், உடனே தொட்டியில ஊறப்போட்டாகணும். இடுப்பு விட்டுப் போயிடும். ஆனா பௌர்ணமிக்கு மேலூர், ஒற்றியூர், முல்லைவாயில்னு மூணு அம்மனையும் சுத்தி வந்தும் அடங்காத மனசு, அந்தத் தொட்டிப் பக்கத்துல அடங்குது. ஏன்னு கேட்காதீங்க.

மண்ணடி பாய்:
எனக்கு 2019 கோடை. புழல் ஏரியே வறண்டு கிடந்த நேரம், தெருவுல லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை. பள்ளிவாசல்ல ஒரு பெரியவர் குழாய்ப் பக்கமே போகாம, தொழுகைக்கு முன்னாடி கழுவிக்கிற ஒளுவை ஒரே சொம்புல முடிச்சார். முகம், கை, தலைக்கு ஈரக் கையால தடவுற மஸஹு, கால், எல்லாத்துக்கும் போதும். கொஞ்சம் மிச்சம்கூட இருந்துச்சு. அதைச் செடிக்கு ஊத்தினார். ஓடுற ஆத்துல ஒளு செஞ்சாலும் வீணாக்கக் கூடாதுன்னு நபிமொழி, ஹதீஸ் இருக்கிறது சின்ன வயசுலேர்ந்து தெரியும். கண்ணால பார்த்தது அன்னைக்குத்தான்.

இப்போ தண்ணி தாராளமா வருது. இருந்தாலும் எனக்குச் சொம்புதான். குழாயைத் திறந்தா கை பாட்டுக்கு ஓடும், மனசு கடைக் கணக்குக்குப் போயிடும். விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்குத் தூக்கக் கலக்கத்துல குழாயைத் திறந்துடுறதும் உண்டு, பொய் சொல்லல.

எண்ணூர் பையன்:
அக்கா, பாய், கோச்சுக்காதீங்க. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எங்க ஆறே கறுத்துப் போச்சு. படகு, வலை எல்லாம் நாசம். மக்கு, வாளி வச்சு நாங்கதான் அள்ளினோம். 2017-ல கடல்ல ரெண்டு கப்பல் மோதினப்பவும் வாளிதான். டம்ளர் கழுவினா அது நிக்குமா? அனல்மின் நிலையத்துச் சாம்பத் தண்ணி நிக்குமா?

எங்க நைனா படகுல ஏறுறதுக்கு முன்னாடி ஆத்துத் தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவார். அந்த டிசம்பர்ல குனிஞ்சவர், கையை இழுத்துக்கிட்டார். அப்புறம் ரொம்ப நாள் தொடவே இல்ல. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு ஒரே விரதம்தான்: புது ஆலைக்கு ஜனங்ககிட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் எங்க போட்டாலும் அன்னைக்குக் கூலி போனாலும் போவேன், மைக்கு கிடைக்கிற வரைக்கும் நிப்பேன். போன தடவை ராவுல சாப்பாடு கிடையாது. இதையும் உங்க கணக்குல சேர்த்துக்கினா சரி.

திருவொற்றியூர்க்காரி:
நிக்காது தம்பி. சேர்த்தாச்சு. அடுத்த கூட்டம் எப்போன்னு இங்கேயே போடு, எங்க தெருவுலேர்ந்து நாலு பேர் வர்றோம். ஆடி மூணாவது ஞாயிறு மட்டும் வேணாம், தொட்டியில டம்ளர் ஊறிக்கிட்டிருக்கும்.