மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சு எங்கே போயிற்று?

சுங்கை சிப்புட் வாசகர்:
தோட்டத் திடலில் ரப்பர் பந்தோடு, மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷலைப் போல ஓடிவர முயன்ற தலைமுறை எங்களுடையது. 1980இல் நியூசிலாந்திடம் தோற்றபின் 1995 வரை எந்த டெஸ்ட் தொடரையும் இழக்காத அந்த அணி, 2025 ஜூலையில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் 27 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தச் சரிவுக்கும், அந்த வேகம் மறைந்ததற்கும் என்ன காரணம்?

பால்மரக்காடு:
பிள்ளைகள் கூடைப்பந்துக்குப் போய்விட்டார்கள் என்று பலரும் சொல்வது பாதிக் கதைதான், ஐயா. உள்ளூர் ஆடுகளங்கள் மந்தமாகி, வேகப்பந்துக்கு உதவாமல் போய்விட்டன. மார்ஷல் ஹாம்ப்ஷயரிலும், கார்னர் சாமர்செட்டிலும், ஹோல்டிங் டெர்பிஷயரிலும் ஆண்டுதோறும் இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட அணி) போட்டிகளில் ஆடிப் பெற்ற பட்டறிவு இன்றைய இளைஞருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. நான்கு ஓவர் வீசினால் போதும் என்னும் இருபது ஓவர்ப் போட்டிகளில் பெரும் பணம் கிடைக்கும்போது, நாள் முழுதும் வீச யார் உடம்பை வருத்திக்கொள்வார்?

செம்பனை நிழல்:
நண்பர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அதே கிங்ஸ்டன் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் இரண்டாம் இன்னிங்ஸ் 121 ஓட்டங்களில் முடிந்தது. அல்சாரி ஜோசப் ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரிஸ்பேனில், ஆஸ்திரேலிய வீச்சாளர் ஸ்டார்க் காலடியில் வீசிய யார்க்கர் பந்து பட்டு நசுங்கிய கால்விரலோடு வந்த ஷமார் ஜோசப், 68 ஓட்டங்களுக்கு ஏழு பேரை வீழ்த்தி, எட்டு ஓட்ட வித்தியாசத்தில் வெற்றி தேடித் தந்தார். கயானாவின் ஆற்றோரச் சிற்றூரிலிருந்து வந்த அவர், அதற்குச் சற்று முன்புவரை பாதுகாவலர் வேலை பார்த்தவர். ஆக, பந்து வீச ஆளிருக்கிறது. நின்று ஆடத்தான் ஆளில்லை.

சுங்கை சிப்புட் வாசகர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்நாளைய வேகப்பந்து இணையான அம்புரோஸுக்கு வால்ஷ் வாய்த்ததுபோல, மறுமுனையில் ஆண்டுக்கணக்கில் துணைநிற்க ஷமாருக்கு ஒருவர் வேண்டும். இரண்டே ஆட்டங்கள் கொண்ட தொடர்களில் அப்படி ஓர் இணை எப்படி உருவாகும்?