கடை ஜன்னலை மாற்றப் போய்: உங்கள் அனுபவம் என்ன?

கட்டட உரிமையாளர்:
கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காவிரிக் கரை ஊர்தான், பெயர் வேண்டாம். மாடிக்கு வரவிருந்த ஜவுளிக்கடைக்காரர், வரைபடத்தில் இருந்த மரக்கதவு ஜன்னல்களுக்குப் பதிலாக அலுமினிய ஸ்லைடிங் கேட்டார். மேற்குச் சுவரில் துணி அடுக்க அலமாரி வரும், ஆகவே அங்குள்ள ஜன்னல்களை வடக்குப் பக்கம் தள்ளிவிடுங்கள் என்றும் சொன்னார். திருத்திய வரைபடம் போட்டு நகரமைப்புப் பிரிவில் கொடுத்தோம். ஜன்னல்தானே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார் கொத்தனார்.

வந்தார்கள். ஆய்வாளர் இளைஞர், அதிகம் பேசாதவர். மாதிரிக்காக ஒரு ஸ்லைடிங் பொருத்தி வைத்திருந்தோம். அதை ஓரத்துக்குத் தள்ளி, திறந்த இடத்தை டேப்பால் அளந்தார். நான்கு அடி அகல ஜன்னலில் காற்று நுழைய இரண்டு அடிகூட முழுதாக இல்லை. வரைபடத்திலோ நான்கு அடியும் காற்றோட்டக் கணக்கில் ஏறியிருந்தது. "மரக்கதவைத் திறந்தால் முழு அகலமும் கிடைக்கும். இதில் ஒரு கதவு எப்போதும் மற்றதன் மேல்தானே ஏறி நிற்கிறது?" என்றார். எங்கள் பொறியாளர் பேச்சை மாற்றித் தேநீர் வரவழைத்தார்.

பிறகு படித்துப் பார்த்தேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பில், ஜன்னலின் ஒரு பகுதி திறக்க முடியாததாக இருந்தால் திறக்கும் பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளுக்கு, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பகுதிக்கு வெளிச்சம் வருவதாகக் கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. நம் ஊர்க் கடைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பவை. இரு பக்கமும் அடுத்த கடையின் சுவர். பின்பாதியில் பகலிலும் விளக்கு எரிவது ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

வடக்குச் சுவரில்தான் உண்மையான சிக்கல். அந்தப் பக்கம் பழைய ஓட்டு வீடு. ஆய்வாளர் ஜன்னலுக்கு விட்டிருந்த திறப்பில் நின்று கீழே பார்த்தார். அந்த வீட்டு முற்றம் முழுதாகத் தெரிந்தது. வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அங்கே வேறு பேச்சுக்கு இடமில்லை. ஜன்னலின் அடிமட்டத்தை ஆறடி உயரத்துக்கு ஏற்றி, வென்டிலேட்டராக வைக்கும்படி குறித்துக்கொடுத்தார். தெருப் பக்க ஜன்னல்களைப் பழையபடி வெளியே திறப்பவையாகவே வைத்தோம், அலுமினியத்தில். ஜவுளிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

தெருப் பக்கம் முழுவதையும் ஒரே கண்ணாடியாக அடைக்கலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். தீப்பிடித்தால் புகை எந்த வழியாக வெளியேறும் என்று ஆய்வாளர் கேட்டதோடு அது நின்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அது கூரை பற்றிய தீ, குறுகிய படிக்கட்டு, வேறு கதைதான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியை அலட்சியமாகக் கேட்க யாராலும் முடியாது.

தஞ்சாவூர்க்காரர்:
உங்களுக்கு ஒரு அலுவலகத்தோடு முடிந்தது, கொடுத்துவைத்தவர். என் மைத்துனர் கடை பெரிய கோயிலுக்குப் பக்கம். தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தடைப்பகுதியில் புதிதாகக் கட்ட முடியாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். பெட்டி ஜன்னலை எடுத்துவிட்டுப் பெரிய ஷோகேஸ் வைப்பது பழுதுபார்ப்பா, புதுக் கட்டுமானமா? இந்த ஒரு கேள்வியிலேயே கோப்பு மாதக்கணக்கில் சுற்றியது. கடைசியில் பழைய அளவிலேயே ஜன்னல் ஃபிரேமை மட்டும் மாற்றிக்கொண்டார். 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் கோயிலுக்கு எதிரே மினுமினுக்கும் நீலக் கண்ணாடி வராமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. மைத்துனரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அலுமினிய வேலை செய்பவர், நாகப்பட்டினம் பக்கம்:
ஐயா, டேப்பால் அளந்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் யாரும் பார்க்காத ஒன்று சன்ஷேட், ஜன்னலுக்கு மேலே வெயிலையும் மழையையும் தடுக்க நீட்டியிருக்கும் பலகை. முகப்பு தட்டையாக, வழவழவென்று தெரிய வேண்டும் என்று அதை வெட்டிவிடச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஸ்லைடிங்கின் கீழ்ப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அங்கிருந்து வழிந்து உள்ளே சுவரெல்லாம் ஊறும். பள்ளத்தின் வெளிப்பக்கம் சிறு துளைகள் போட்டால் நீர் வெளியேறும். பலர் போடுவதில்லை, போட்டாலும் பூச்சு வேலையில் சிமெண்ட் அடைத்துவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது, பெரிய கண்ணாடி வைத்த கடைகளில் தெருவெங்கும் சில்லுகள் கிடந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு டஃபன்டு கண்ணாடி (எளிதில் உடையாதபடி பதப்படுத்தியது) இல்லாமல் முகப்பு வேலையை நான் எடுப்பதில்லை. சன்ஷேடை வெட்டச் சொன்னாலும் வேலையை விட்டுவிடுகிறேன், வாடிக்கையாளர் போனாலும் சரி.

கட்டட உரிமையாளர்:
அண்ணா, எங்கள் சன்ஷேட் வெட்டாமல் அப்படியே இருக்கிறது. துளை விஷயம் புதிது. எங்களுடையது ஸ்லைடிங் இல்லைதான், ஆனாலும் கீழ் ஃபிரேமில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க நாளைக் காலை கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். தஞ்சாவூர் ஐயாவுக்கு: திருத்திய வரைபடத்தில் பழைய ஜன்னல் அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, திறக்கும் பரப்பைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். எங்களுடையது இரண்டாம் முறை அப்படிப் போனதும் கேள்வியில்லாமல் வந்துவிட்டது.