பினாங்கிலிருந்து சென்னைக்கு உண்மையான பயண நேரம் எவ்வளவு?

பட்டர்வொர்த் வாசகி:
வணக்கம். அக்காள் மகன் திருமணத்திற்காக அம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். கோலாலம்பூரில் காலை 9.00 மணிக்குப் புறப்படும் விமானம் 10.25க்குச் சென்னையில் இறங்குவதாகவும், திரும்பும்போது இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00 மணிக்குக் கோலாலம்பூர் வந்து சேர்வதாகவும் போட்டிருக்கிறது. நேர வித்தியாசம் இரண்டு மணிதான் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார்; அப்படிக் கணக்குப் போட்டால் போவதற்கும் வருவதற்கும் ஒரு மணிக்கு மேல் இடிக்கிறது. அவருக்கு முழங்கால் வலி இருப்பதால், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க நேரிடும் என்பதே என் கவலை.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
வணக்கம் சகோதரி. பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சாகும். வித்தியாசம் இரண்டரை மணி. அதைச் சேர்த்தால் போவதற்கு 3 மணி 55 நிமிடம், கழித்தால் வருவதற்கு 4 மணி. இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்று மணிக்குச் சற்றே கூடுதலாகும்; ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்கும் மேலேறி இறங்குவதற்கும் மீதி நேரம் போய்விடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கைப் பட்டாணி:
தங்கள் தாயாரின் நினைவில் பிழையில்லை அம்மா. 1982 ஜனவரி 1 அன்று, சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அதற்கு முன்பு வித்தியாசம் இரண்டு மணிதான். ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் நாகப்பட்டினம் போய்ச் சேர நாள் கணக்கில் ஆனதால், இந்த அரை மணியை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

பாயான் லெப்பாஸ்வாசி:
முழங்கால் வலி உள்ளவருக்குக் கடலைத் தாண்டும் நேரத்தைவிடத் தரையில் போகும் நேரமே பெரிய பாரம். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில் மட்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அதாவது கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் பறக்கும் அதே நேரம் ஆகிறது. அதன்பின் விமான நிலையம் உள்ள சிப்பாங்கிற்கு விரைவு ரயிலில் அரை மணி, அங்கே குறைந்தது இரண்டு மூன்று மணி காத்திருப்பு. இத்தனைக்கும் சென்னைக்குப் பினாங்கில் இருக்கும் நாம்தான் கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் அருகில் இருக்கிறோம். கோலாலம்பூர் போவது எதிர்த்திசையில் நடப்பதாகும். 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. பறக்கும் நேரம் சுமார் மூன்றரை மணி. உங்கள் தேதியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கர நாற்காலியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துகொண்டு, நடைபாதை ஓர இருக்கையையும் வாங்கிவிடுங்கள். அம்மா இடையிடையே எழுந்து காலை நீட்டிக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் வாசகி:
மிக்க நன்றி. பாலத்தைக் கடந்தால் பினாங்கு விமான நிலையம் என்னும்போது கோலாலம்பூர் போகத் தேவையில்லை. திரும்பும் பயணத்தில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பாயான் லெப்பாஸ்வாசி:
தேதியைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து இப்பக்கம் வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ கிளம்புகின்றன. சீட்டில் 15ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.