குருதிப் பாகியலா, குருதிப் பாய்வியலா?

> இரத்தம் பாயும் விதத்தைப் படிக்கும் 'ஹீமோரியோலஜி'க்குத் தமிழில் குருதிப் பாகியல் என்று போட்டால் என்ன? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் இரத்தத்துக்குப் 'பாகு' என்று பேர் வைக்க எனக்கு மனமில்லை. காரணம் எங்கள் குசினியிலேயே இருக்கிறது. பாகு என்றால் பனம்பாணி. அதை மெல்லக் கிண்டினாலும் கெதியாகக் கிண்டினாலும் தடிப்பு ஒன்றுதான். ஒடியற்கூழ் அப்படியில்லை. ஆறவிட்டால் இறுகும், அகப்பையைப் போட்டுத் துழாவினால் இளகும். இரத்தம் கூழின் சாதி. ஓட்டம் மெதுவான இடத்தில் செங்குழியங்கள் நாணயம் அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் அடுக்குக் குலையும், குழியங்களும் நீண்டு வளைந்து கொடுக்கும். தண்ணீரைவிட 3, 4 மடங்கு தடிப்பு என்று நாம் படித்தது வேகமான ஓட்டத்துக்கான கணக்கு.

ஆகவே தடிப்புக்கு மட்டும் நம் உயர்தரப் பௌதிகவியலில் உள்ள 'பிசுக்குமை'யே போதும். குழியங்களின் வளைதிறன், ஒட்டுந்தன்மை எல்லாம் சேர்ந்ததற்குக் 'குருதிப் பாய்வியல்பு', அதைப் படிக்கும் துறைக்குக் 'குருதிப் பாய்வியல்'. கூழின் குணத்துக்குத் 'துழாவிளகல்' என்று முதலில் எழுதினேன். வீட்டில் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். 'அசைவிளகல்' என்று மாற்றியிருக்கிறேன்.

இதற்கு ஏன் இத்தனை பாடு? "பிறசர்க் குளிசை ரத்தத்தைத் தண்ணியாக்கும்" என்று கிளினிக் வாசலில் கதைக்கிறார்கள். அஸ்பிரினோடு வந்த குழப்பம் அது. அஸ்பிரின்கூடத் தண்ணியாக்குவதில்லை, இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் திரள்வதைத்தான் தடுக்கிறது. பிறசர்க் குளிசையான அம்லோடிபின் கைவைப்பது இரத்தக் குழாயில், அதை விரிக்கும். குழாயில் திரவம் ஓடும் அளவைச் சொல்லும் பொய்சேயின் விதிப்படி ஆரை 10 சதவீதம் விரிந்தால், அதே அமுக்கத்தில் ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். (அந்த விதியும் பாணிக்குத்தான் அச்சொட்டாகப் பொருந்தும், கூழுக்கு அல்ல.) இன்னொரு பிறசர்க் குளிசையான ஹைட்ரோகுளோரோதயசைட் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதால், தொடக்கத்தில் குருதித் திரவவிழையம் (பிளாஸ்மா) குறைந்து இரத்தம் சற்றுத் தடிக்கவும் கூடும். மூன்றாவதான லொசாட்டனோ செங்குழிய வீதத்தை (இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கை) சிறிது இறக்கலாம். ஒன்று தடிப்பை ஏற்றும், மற்றது இறக்கும், இரண்டிலும் பிறசர் குறையும். அமுக்கமும் பிசுக்குமையும் வேறுவேறு என்று காட்டச் சொல் இல்லாவிட்டால் இதை எப்படி விளங்கப்படுத்துவது?

---

பாய்வியல்பு எனக்குச் சம்மதம். கூழ் உவமையையும் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். பிசுக்குமைதான் இடிக்கிறது. "உங்கட ரத்தத்தில பிசுக்குமை கூட" என்று ஒரு ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள். சட்டியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத்தான் நினைப்பார், பிறகு சீயாக்காய் கேட்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் உடற்கூற்றியலுக்குக் கையாண்ட 'அங்காதிபாதம்' இன்று யார் வாயில் இருக்கிறது? நோயாளிக்கான துண்டுப்பிரசுரத்தில் 'இரத்தத் தடிப்பு' என்றே விடுவோம்.

---

துண்டுப்பிரசுரத்துக்குத் தடிப்பு, பாடநூலுக்குப் பிசுக்குமை. ஒத்துக்கொள்கிறேன். 'அசைவிளகல்' பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லையே?