'ஃபேன்டம்' நினைவு மலர் அச்சான ஆண்டை அறிவது எப்படி?

விற்பதற்காக எடுத்து வைத்திருக்கும் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' இசை நாடகத்தின் லண்டன் நினைவு மலரில் ஆண்டு எங்குமே அச்சிடப்படாததால், விலை சொல்ல முடியாமல் நிற்கிறேன். அதில் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கின் பெயர் இருக்கிறது. ஆனால் நாடகம் தொடங்கிய 1986 முதல், ஹிஸ் மெஜஸ்டிஸ் என மாறிய 2023 வரை அதே பெயர்தான் என்பதால் அது துப்பாகாது. மைக்கேல் கிராஃபோர்டு, சாரா பிரைட்மேன் படங்கள் உள்ளே இருந்தாலும், முதல் நடிகர்களின் படங்களைப் பின்னாளில் அச்சிடும் மலர்களிலும் விட்டுவைப்பதுண்டு என்று வாங்க வருபவர்கள் (நியாயமாகவே) தயங்குகிறார்கள். நடிகர் பட்டியல் அச்சிட்ட தனித்தாள் இல்லை. நடுப்பக்கப் பின்கள் துருவேறி, தாளில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. ஏலத் தளப் படங்களோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டும், பழைய புத்தக வணிகர் ஒருவரிடம் காட்டியும் விடை கிடைக்கவில்லை. தனித்தாள் இல்லாத பிரதியில், அச்சான ஆண்டை உறுதிசெய்ய எந்தப் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?