டேனினுக்குத் ‘துவரி’: பதனியை நான் ஏன் ஏற்கவில்லை

அன்பர்களுக்கு வணக்கம்.

மரப்பட்டையிலும் காயிலும் தேயிலையிலும் இருக்கிற, தோலைப் பதனிட உதவுகிற பொருள் டேனின். அதற்குத் தமிழில் ‘பதனி’ என்று குடியாத்தம் ஆசிரியர் முன்வைத்த சொல்லை மூன்று நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. தோலைப் பதனிடுவது என்பதால் பதனி. ஜெர்மானியரும் ‘கெர்ப்ஷ்டோஃப்’, பதனிடும் பொருள் என்றே சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். சரி. ஆனால் பேச்சில் பதனி என்றால் பனையிலிருந்து இறக்குவது. ‘தேயிலையில் பதனி இருக்கிறது’ என்று பாடத்தில் எழுதினால் படிக்கிற பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இன்று பெரும்பாலும் குரோம் பதனிடுதல்தான். அதில் டேனின் கிடையாது, குரோமிய உப்புதான் வேலை செய்கிறது. அப்படியானால் குரோமிய உப்பும் பதனியாகிவிடும். ஆங்கிலத்துக்கே இந்தச் சங்கடம் இருக்கிறது. பதனிடுவதற்கு அவர்கள் சொல்லும் ‘டேன்’ பிரெஞ்சு வழி வந்தது. பிரெஞ்சில் ‘டான்’ என்றால் இடித்த ஓக் மரப்பட்டை. பிரெத்தோன் மொழியில் ‘டான்’ ஓக் மரமே. மரத்தின் பெயர் பட்டைக்கு வந்து, பட்டையிலிருந்து தொழிலுக்கும், பதனிட்ட தோலின் நிறத்துக்கும், வெயிலில் கறுத்த உடம்புக்கும் போய்விட்டது. பட்டையே இல்லாமல் பதனிட்டாலும் பட்டையின் பெயரைத்தான் அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ‘பதனிடுதல்’ பதம் என்பதிலிருந்து வந்த நல்ல பொதுச்சொல். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

என் தாத்தா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், பட்டை நீரில் தோலை ஊறவைக்கும் பட்டைக் குழியில் வேலை பார்த்தவர். அப்போது ஆவாரம்பட்டை, அப்புறம் கடுக்காய். மூட்டை வந்து இறங்கியதும் ஒரு துண்டுப் பட்டையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். நாக்கை இழுத்துப் பிடித்தால் நல்ல சரக்கு. நானும் ஒருமுறை மென்றிருக்கிறேன். எச்சில் சட்டென்று வற்றி, கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் அதைத் ‘துவர்ப்பு’ என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லில்தான் முழு வேதியியலும் இருக்கிறது என்பேன். டேனின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது, அதனால்தான் வாய் உலர்கிறது. தோலில் அதே பொருள் கொலாஜன் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் தோல் அழுகுவதில்லை. வாயிலும் குழியிலும் நடப்பது ஒரே வேலை. துவர்தல் என்றால் தமிழில் உலர்தல் என்றும் பொருள். மலையாளத்தில் ‘துவர்த்துக’ என்றால் ஈரம் துடைத்து உலர்த்துவது, துண்டுக்குத் ‘தோர்த்து’ என்று பெயர். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் ‘வகரு’, கன்னடத்தில் ‘ஒகரு’, இரண்டும் துவர்ப்புதான். சித்தூரும் 1911 வரை நம் வட ஆற்காட்டோடு இருந்த ஊர்தானே.

இனி வடமொழிக்கு வருகிறேன், ஏனென்றால் டேனினுக்குக் ‘கஷாயி’ என்று வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ‘கஷாய’ என்றால் துவர்ப்புச் சுவை. பாட்டி காய்ச்சித் தந்த கஷாயமும் அதுதான். துறவியின் காவியுடைக்குப் பெயரான காஷாயமும் அதிலிருந்து வந்ததே. பௌத்தத்தோடு சீனம் போய் ‘ஜியாஷா’, ஜப்பானில் ‘கெசா’ ஆனபோது சுவை உதிர்ந்து, துறவியின் ஆடை மட்டும் நின்றது. சமணத்திலோ கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை நான்கும் கஷாயங்கள். உயிரில் வினையை ஒட்டவைக்கிற பசை. வள்ளிமலைச் சமணச் சிற்பங்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும். ஆம்பூரில் உருது பேசுகிறவர்கள் துவர்ப்பைக் ‘கசைலா’ என்பதும் இதன் வழிவந்ததே. அதைக் கேட்டதும் கசப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்த் துவரும் இதே தடத்தில் நடந்திருக்கிறது. துவர்ப்புச் சுவை, துவர்வாய் என்னும்போது செந்நிறம், சம்பந்தர் பதிகங்களில் பௌத்தர் அணியும் துவராடை. துவர்க்கிற பட்டைதான் துணிக்கும் சாயம் ஏற்றும் என்பதால் இரண்டு மொழிக்காரர்களும் சுவைக்கும் நிறத்துக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள் என்று நினைக்கிறேன். காளத்தியில் துணிமேல் கையால் வரையும் கலம்காரியில் இன்றும் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். இரும்பும் வெல்லமும் ஊறிய மையால் அதன்மேல் கோடு போட்டால் கண்ணெதிரே கறுக்கும். அது டேனினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுப்பதும் இப்படித்தான்.

எனவே என் சொல் ‘துவரி’. நிறம் நிறமியான மாதிரி, துவர் துவரியாகட்டும். டேனிக் அமிலம் துவரி அமிலம்.

படிகாரமும் துவர்க்கிறதே என்று காட்பாடி நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. துவர்க்கச் செய்கிற எல்லாவற்றுக்கும் ‘துவர்ப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம், மருந்துப் பாடத்துக்கும் அது உதவும். படிகாரம் துவர்ப்பி. ஆனால் துவரி தாவரத்தில் இருப்பது மட்டும்.

வகைகளில்தான் எனக்கு உதவி வேண்டும். கடுக்காயில் இருப்பது நீரால் பகுபடும் வகை, அதற்கு ‘பகுதுவரி’ போதும். ஆவாரையிலும் வாட்டில் என்னும் மரத்தின் பட்டையிலும் இருப்பது அப்படிப் பகுபடாத செறிந்த வகை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய் நீரில் போடுவார்கள். அதனால் இதற்குச் ‘செந்துவரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். துவரிலேயே சிவப்பு இருக்கும்போது ‘செம்’ மிகையோ என்றும் படுகிறது. ‘செறிதுவரி’ மேலா? பழைய பட்டைக் குழி ஆட்கள் யாரையாவது தெரிந்தவர்கள், சிவக்கும் பட்டைக்கும் சிவக்காததற்கும் அவர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டு எழுதுங்கள்.